தரவோடைகளில் சமமற்ற வேகம்: காரணம் தேடிய வரலாறு

தரவோடைச் செயலாக்கம் என்பது, முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் தரவை வந்த கையோடு கணக்கிட்டு விடை தரும் கணினி முறை. வங்கி அட்டை மோசடியைப் பணம் போவதற்குள் கண்டுபிடிப்பது, வாடகைக் கார் செயலியில் அந்த நிமிடத்துக்கான கட்டணத்தைக் கணக்கிடுவது, சமூக ஊடகத்தில் எது பரவலாகப் பேசப்படுகிறது என்று எண்ணுவது போன்ற வேலைகள் இதில் அடங்கும். ஒரு கணினியால் இத்தனையும் தாங்காது என்பதால், ஒரே வேலையைப் பல பணிக்கூறுகளாகப் பிரித்துப் பல கணினிகளில் ஓட்டுகிறார்கள். ஒரு நொடியில் எத்தனை நிகழ்வுகள் முடிகின்றன என்பதே அந்த அமைப்பின் செயல்வீதம்.

இத்தகைய அமைப்புகளை நடத்துவோர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. இருபது கணினிகளில் பத்தொன்பது பாதி நேரம் சும்மா இருக்கும். ஒன்று மட்டும் மூச்சுத் திணறும். வெளியே வரும் விடைகளோ நிமிடக்கணக்கில் தாமதமாகும். மோசடி எச்சரிக்கை பத்து நிமிடம் கழித்து வந்தால் அது வராததற்குச் சமம். உடனே தோன்றும் மருந்து, கணினிகளைக் கூட்டுவது. பெரும்பாலும் அதனால் மின்கட்டணமும் வாடகையும் கூடுமே தவிர வேகம் கூடாது. ஏன் கூடாது, கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கணினித்துறை கண்டுகொள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அடுக்கடுக்காக வெவ்வேறு காரணங்கள் தென்பட்டன. ஒன்றைத் தீர்த்ததும் அதன் பின்னாலிருந்த இன்னொன்று தெரிந்தது.

தரவுத்தளக் காலம்

பிரச்சினை தரவோடைகளோடு பிறந்ததல்ல. 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட் குழுவினர் உருவாக்கிய காமா, வணிக நிறுவனமான டெராடேட்டாவின் கணினிகள் ஆகியவை ஒரு பெரிய அட்டவணையைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டன. ஒவ்வொரு கணினிக்கும் தனி நினைவகம், தனி வட்டு. எதையும் பொதுவில் வைப்பதில்லை. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இந்த வடிவமைப்புக்காக வாதாடினார். இன்றைய தரவோடை அமைப்புகள் எல்லாம் அந்த வழி வந்தவையே.

பங்கிடுவதற்கு ஒரு விதி வேண்டும். வாடிக்கையாளர் எண் போன்ற ஒரு சாவியை எடுத்து, ஹாஷ் சார்பு என்ற கணித முறையால் அதை ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணுக்குரிய கணினிக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. ஒரே சாவி எப்போதும் ஒரே கணினிக்குப் போகும். இந்த உறுதிதான் முறையின் பலம். அதன் பலவீனமும் அங்கேதான். ஹாஷ் சார்பு சாவிகளைச் சமமாகப் பிரிக்கும், ஆனால் ஒவ்வொரு சாவியின் கீழும் எவ்வளவு தரவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. டிவிட்டும் ஜிம் கிரேயும் 1992இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இணைக்கணினிகள் எதிர்பார்த்த வேகம் தராமைக்கு மூன்று தடைகளைச் சொன்னார்கள். வேலையைத் தொடங்கும் செலவு, பணிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது, மூன்றாவதாக வேலைப் பங்கு ஏறுமாறாக அமைவது. இந்த மூன்றாவதே தரவுச் சாய்வு.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கணினி நொடிக்கு 10,000 நிகழ்வுகளைக் கையாளும் என்று கொள்வோம். வரும் தரவில் 30 விழுக்காடு ஒரே சாவிக்கு உரியது. அந்தச் சாவி எந்தக் கணினிக்குப் போகிறதோ அது 10,000இல் நின்றுவிடும். அந்த 10,000 மொத்தத்தில் 30 விழுக்காடு என்றால், மொத்தம் ஏறத்தாழ 33,000ஐத் தாண்ட முடியாது. பத்துக் கணினிகள் இருந்தாலும் அதுதான், நூறு இருந்தாலும் அதுதான். பத்துக் கணினிகளின் முழுத்திறன் ஒரு லட்சம் என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும்.

டிவிட் குழுவினர் அதே 1992இல் இதற்கு ஒரு மருந்தும் தந்தார்கள். வேலையைத் தொடங்குமுன் தரவிலிருந்து மாதிரி எடுத்து, எந்தச் சாவி கனமானது என்று கண்டு, அதற்கேற்பப் பங்கிடுவது. நல்ல மருந்துதான். ஆனால் தரவு முழுவதும் முன்கூட்டியே கையில் இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். ஓடையில் அடுத்த மணி நேரத்தில் எந்தச் சாவி கனக்கும் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

நோயுற்ற கணினியும் கனத்த வேலையும்

கூகுள் நிறுவனத்தின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004இல் மேப்ரெடியூஸ் முறையை வெளியிட்டபோது, சமமற்ற வேகத்துக்கு முற்றிலும் வேறொரு முகம் இருப்பது தெரிந்தது. ஆயிரக்கணக்கான மலிவான கணினிகளில் வேலையைப் பரப்பினால், எப்போதும் ஏதோ ஒன்று காரணமில்லாமல் பின்தங்கும். அவர்கள் தந்த எடுத்துக்காட்டுகள் இன்றும் படிக்கச் சுவையானவை. கெட்டுப்போகத் தொடங்கிய ஒரு வட்டு, பிழைகளைத் திருத்தித் திருத்திப் படிப்பதால் நொடிக்கு 30 மெகாபைட்டிலிருந்து 1 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். இன்னொரு முறை, கணினியைத் தொடக்கும் நிரலில் இருந்த பிழையால் செயலியின் கேஷ் நினைவகம் அணைந்துபோய், அந்தக் கணினிகள் நூறு மடங்குக்கும் மேல் மெதுவாயின. கணினி நின்றுவிடவில்லை, பிழைச்செய்தியும் தரவில்லை. நோய் இருப்பதை மெதுவான ஓட்டம் மட்டுமே காட்டியது.

அவர்களது தீர்வு எளிமையானது. வேலை முடியும் தறுவாயில், மீதமிருக்கும் பணிகளின் நகல்களை வேறு கணினிகளில் தொடங்கு. எது முதலில் முடிகிறதோ அதை ஏற்றுக்கொள். இந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு வரிசைப்படுத்தும் சோதனையை ஓட்டியபோது 44 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது.

நகல் ஓட்டுவது நோயுற்ற கணினிக்கு மருந்து. கனத்த வேலைக்கு அது மருந்தாகாது, ஏனென்றால் நகலுக்கும் அதே கனம்தான். இந்த வேறுபாடு மிக அடிப்படையானது, ஆயினும் நடைமுறையில் பலரும் கோட்டைவிடுவது இதில்தான். ஒரு பணிக்கூறு மெதுவாக இருக்கிறது என்றால், அதை வேறு கணினிக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். மெதுமை கணினியோடு நின்றுவிட்டால் கோளாறு கணினியில். பணிக்கூறோடு கூடவே போனால் கோளாறு தரவில். 2008இல் மத்தேய் ஸஹாரியாவும் சகாக்களும், கணினிகள் ஒரே திறனில் இல்லாத இடத்தில் ஹடூப்பின் நகல் முறை தவறான பணிகளைத் தேர்ந்தெடுத்து உள்ள வேகத்தையும் கெடுப்பதைக் காட்டினார்கள். 2012இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தவர் பங்கேற்று உருவாக்கிய ஸ்க்யூட்யூன், கனத்த பணியின் மீதியை ஓட்டத்தின் நடுவிலேயே பிரித்துக் கொடுத்தது. இவை எல்லாம் முடிவுள்ள வேலைகளுக்கான தீர்வுகள்.

ஓடைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதன் பணிக்கூறு நினைவு வைத்திருக்கும். இதுவரை எண்ணிய தொகைகள், இந்த வாடிக்கையாளரின் கடைசிப் பத்துப் பரிமாற்றங்கள் என நிலைத்தகவல் சேர்ந்துகொண்டே போகும். பணியை நகர்த்துவதென்றால் அதையும் சுமந்துகொண்டு நகர வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெஹுல் ஷா, ஜோசப் ஹெல்லர்ஸ்டீன் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஃப்ளக்ஸ், ஓடை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலைத்தகவலோடு பங்குகளை இடம் மாற்றும் வழியைச் சொன்னது. தொழில்துறை அந்த இடத்துக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஸ்டார்மும் கீழே சிந்திய தரவும்

நேதன் மார்ஸ் பேக்டைப் நிறுவனத்தில் ஸ்டார்மை உருவாக்கினார். 2011இல் ட்விட்டர் அந்நிறுவனத்தை வாங்கியது. அவ்வாண்டே ஸ்டார்ம் திறமூலமாக வெளியாயிற்று. அதே 2011இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து காஃப்காவும் திறமூலமாக வந்தது. ஒன்று கணக்கிட, மற்றொன்று தரவைச் சேமித்துக் கடத்த. பல நிறுவனங்கள் முதன்முறையாகத் தரவோடையைத் தொட்டது இந்த இரண்டின் வழியாகத்தான்.

ஸ்டார்மில் எந்தப் பணிக்கூறு மெதுவாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஒரே ஜேவிஎம் செயல்முறைக்குள் வெவ்வேறு வகைப் பணிகள் பல கலந்து ஓடும். அவற்றின் பதிவுகள் ஒரே கோப்பில் கலந்து விழும். நினைவகம் நிரம்பினால் யார் நிரப்பியது என்று சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய குறை, வாங்கும் பணிக்கூறு திணறினால் அனுப்புகிறவர் தரவைக் கீழே போட்டுவிடுவது. ஏற்புச்செய்தி முறையை இயக்கி, ஏற்கப்படாமல் நிற்கும் நிகழ்வுகளுக்கு உச்சவரம்பு வைத்தால் ஓரளவு தப்பலாம். ஆனால் சரியான வரம்பு எது என்பது ஊகம்தான். குறைவாக வைத்தால் கணினிகள் சும்மா இருக்கும். கூடுதலாக வைத்தால் நிகழ்வுகள் காலாவதியாகி மீண்டும் அனுப்பப்பட்டு, திணறும் பணிக்கூறின் தலையில் இன்னும் ஏறும்.

ட்விட்டரின் பொறியாளர்கள் 2015இல் ஹெரான் என்ற மாற்று அமைப்பைப் பற்றி எழுதியபோது இந்தக் குறைகளை ஒளிக்காமல் பட்டியலிட்டார்கள். ஹெரானில் ஒவ்வொரு பணிக்கூறுக்கும் தனி ஜேவிஎம். ஒரு பணிக்கூறின் வரிசை குறிப்பிட்ட உயரம் ஏறினால், ஓடையின் தலைவாயிலிலேயே வரத்து நிறுத்தப்படும். வரிசை இறங்கியதும் மீண்டும் திறக்கப்படும். தரவு சிந்தாது. ஆனால் ஒரே ஒரு பணிக்கூறு மெதுவானாலும் மொத்த ஓடையும் அதன் வேகத்துக்கு இறங்கும். தெரிந்தே ஏற்றுக்கொண்ட விலை இது. சிந்திய தரவைத் திரும்பப் பெற முடியாது, தாமதத்தைப் பிறகு ஈடுகட்டலாம். ஸ்டார்மும் 2016இல் வந்த 1.0 பதிப்பில் தானாக இயங்கும் பின்னழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டது.

பின்னழுத்தம் காட்டும் பொய்

கீழ்நிலைப் பணி தாங்காதபோது மேல்நிலைப் பணியைத் தடுத்து நிறுத்துவதே பின்னழுத்தம். அது வந்த பிறகு கோளாறு தேடுவதில் ஒரு புதிய குழப்பம் பிறந்தது. நோய் ஓரிடத்தில் இருக்க, அறிகுறி வேறிடத்தில் தெரிந்தது. சுங்கச்சாவடியில் ஒரு கவுண்டர் பழுதானால் வண்டிகள் நிற்பது இரண்டு கிலோமீட்டர் பின்னால் அல்லவா? நெரிசலின் வாலில் நின்றுகொண்டு அந்த இடத்துச் சாலையைப் பழுதுபார்ப்பது போல, தரவைப் படிக்கும் முதல் பணி மெதுவாக இருக்கிறது என்று அதையே மாதக்கணக்கில் செப்பனிட்ட பொறியாளர்கள் உண்டு.

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஸ்ட்ராட்டோஸ்பியர் ஆய்விலிருந்து கிளைத்து, 2014இல் அப்பாச்சி திட்டமான ஃப்ளிங்கில் இது தெளிவாக வெளிப்பட்டது. ஃப்ளிங்க் தொடக்கத்தில் பின்னழுத்தத்தைப் பெரிதும் டிசிபி இணைப்பின் இயல்பிடமே விட்டிருந்தது: வாங்குபவரின் பஃபர் நிரம்பினால் இணைப்பு தானே நின்றுவிடும். ஆனால் இரு கணினிகளுக்கிடையே பல பணிக்கூறுகளின் தரவு ஒரே டிசிபி இணைப்பில் போனது. அவற்றில் ஒன்று திணறினால் இணைப்பே அடைபட்டு, நன்றாக இருந்த மற்றவையும் பட்டினி கிடந்தன. சாய்வு ஒரு பணிக்கூறில்தான், பாதிப்போ அக்கம்பக்கத்தாருக்கும். 2018இல் வந்த 1.5 பதிப்பு, வாங்குபவர் தன்னிடம் உள்ள காலி பஃபர்களின் எண்ணிக்கையைக் கடனாக அறிவித்து, அனுப்புகிறவர் அந்த அளவு மட்டும் அனுப்பும் முறைக்கு மாறியது. இது ஃப்ளிங்க் கண்டுபிடித்ததல்ல. 1990களில் ஏடிஎம் வலைப்பின்னல்களுக்காக எச். டி. குங் போன்றோர் ஆராய்ந்த பழைய யோசனை.

அதன் பிறகும் மூலத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகவில்லை. பணிக்கூறுகளின் அழைப்படுக்கை அவ்வப்போது மாதிரி எடுத்து, எத்தனை முறை பஃபருக்காகக் காத்து நின்றது என்று ஊகிப்பதுதான் வழியாக இருந்தது. 2021இல் 1.13 பதிப்பு, ஒவ்வொரு பணிக்கூறும் ஒரு நொடியில் எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் தடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று நேரடியாக அளந்து நிறத்தில் காட்டியது: உழைப்பது சிவப்பு, தடுக்கப்பட்டது கறுப்பு, சும்மா இருப்பது நீலம். கறுப்புகளின் தொடரைக் கீழ்நோக்கிப் பின்தொடர்ந்தால் முதலில் வரும் சிவப்பே பெரும்பாலும் குற்றவாளி. அந்தச் சிவப்புப் பணியின் எல்லாக் கூறுகளும் சிவப்பானால் திறன் போதவில்லை என்று பொருள், கணினிகளைக் கூட்டலாம். ஒன்றிரண்டு மட்டும் சிவப்பானால் சாய்வு, கூட்டிப் பயனில்லை. சிவப்பு இடம் மாறிக்கொண்டே இருந்தால் நினைவகத் துப்புரவையோ வட்டில் நடக்கும் கோப்புத் தொகுப்பையோ சந்தேகிக்க வேண்டும்.

தரவில் சாய்வே இல்லாமலும் இது நேரலாம் என்பதற்கு ஃப்ளிங்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது சாவிகளை நேரடியாகப் பணிக்கூறுகளுக்குக் கொடுப்பதில்லை. முதலில் சாவிக்குழுக்களாக்கி, குழுக்களைப் பங்கிடுகிறது. இயல்பில் குழுக்கள் 128. பணிக்கூறுகள் 50 என்று வைத்தால், 28 கூறுகளுக்கு மும்மூன்று குழுக்களும் 22 கூறுகளுக்கு இரண்டிரண்டும் கிடைக்கும். சிலருக்கு மற்றவரைவிட ஒன்றரை மடங்கு வேலை! 50ஐ 64 ஆக்கினால் எல்லோருக்கும் இரண்டு. இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போடாமல் தரவில் குற்றம் தேடி அலைவோர் பலர்.

இரண்டில் ஒன்று

கனத்த சாவிக்குக் கோட்பாட்டுப் பக்கமிருந்து அழகான ஒரு விடை வந்தது. பந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு கூடைகளில் போட்டால் சில கூடைகள் நிரம்பி வழியும். ஒவ்வொரு பந்துக்கும் ஏதேனும் இரண்டு கூடைகளைப் பார்த்து, குறைவாக உள்ளதில் போட்டால் ஏற்றத்தாழ்வு வியக்கத்தக்க அளவு குறையும். யோசி அசார், ஆண்ட்ரே பிராடர், அன்னா கார்லின், எலி உப்ஃபால் ஆகியோர் 1994இல் இதை நிறுவினர். 2015இல் அனிஸ் நாசிர், ஜான்மார்கோ டி பிரான்சிஸ்கி மொராலஸ் முதலியோர் இதை ஓடைக்குக் கொண்டுவந்தனர். ஒவ்வொரு சாவிக்கும் இரண்டு ஹாஷ் சார்புகளால் இரண்டு பணிக்கூறுகள் குறிக்கப்படும். நிகழ்வு வரும்போது இரண்டில் சுமை குறைந்ததற்குப் போகும். இம்முறை பின்னர் ஸ்டார்மில் சேர்க்கப்பட்டது. சாவியின் கணக்கு இரண்டாகப் பிரிந்து கிடப்பதால், பின்னால் ஒரு கூட்டல் தேவைப்படும். ஒரே சாவி மிகவும் கனத்தால் இரண்டு இடமும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வெறுமையும் தடையாகும்

சமமின்மை என்றாலே அதிகச் சுமை என்று எண்ணத் தோன்றும். தரவே வராத கிளையும் ஓடையை நிறுத்திவிடும் என்பது இவ்வரலாற்றில் சற்று வேடிக்கையான பகுதி. நிகழ்வு நடந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடும் அமைப்புகள், இந்த நேரம் வரையிலான தரவு வந்தாயிற்று என்று அறிவிக்கும் வாட்டர்மார்க் என்ற குறியை நம்புகின்றன. கூகுளின் மில்வீல் 2013இல் இதைப் பரவலாக அறியச் செய்தது. பல கிளைகள் கூடுமிடத்தில் மிகப் பின்தங்கிய கிளையின் குறியே செல்லும். காஃப்காவின் பத்துப் பார்ட்டிஷன்களில் ஒன்றுக்கு எதுவுமே வராவிட்டால் அதன் குறி நகராது. மற்ற ஒன்பதும் வேகமாக ஓடினாலும் விடை வெளியே வராது. அந்தக் கிளையை உறங்குவதாகக் கருதி ஒதுக்கும் வசதியைத் தெரிந்து இயக்கும் வரை, பிழைச்செய்தி ஏதுமின்றி எல்லாம் அமைதியாக இருக்கும்.

மீட்பு ஏற்பாடே பாதிக்கப்படுவதும் உண்டு. சென்னை ஐஐடியில் பயின்ற மணி சாண்டியும் லெஸ்லி லாம்போர்ட்டும் 1985இல் வகுத்த பரவல் நிலைப்பதிவு முறையின் வழிவந்ததே ஃப்ளிங்கின் செக்பாயிண்ட். ஓடையின் நடுவே தடுப்புக் குறிகள் மிதந்துசெல்லும். எல்லாக் கிளைகளிலிருந்தும் குறி வந்த பிறகே பணிக்கூறு தன் நிலையைப் பதியும். பின்னழுத்தத்தில் குறியும் தரவோடு சேர்ந்து நெரிசலில் மாட்டிக்கொள்ளும். பதிவு நேரம் கடந்து தோற்கும். அப்போது ஏதேனும் பழுதானால் மிகப் பழைய பதிவிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே திணறும் பணிக்கூறுக்கு இன்னும் பெரிய சுமையைத் தர நேரும். 2020இல் 1.11 பதிப்பு, குறி நெரிசலைத் தாண்டிக் குதித்துச் செல்லவும், தாண்டப்பட்ட தரவையும் பதிவோடு சேர்த்து வைக்கவும் வழி செய்தது.

மருந்தே நோயானது

2019இன் இறுதியில் வந்த காஃப்கா 2.4 பதிப்பில் ஒரு நல்ல மாற்றம் செய்யப்பட்டது. அதுவரை சாவியில்லாத நிகழ்வுகள் பார்ட்டிஷன்களுக்கு ஒவ்வொன்றாக முறைவைத்துப் போயின. அதனால் ஒவ்வொன்றுக்கும் சின்னஞ்சிறு கட்டுகள் உருவாகி, அனுப்பும் செலவு கூடியது. புதிய முறையில், ஒரு கட்டு முடியும் வரை ஒரே பார்ட்டிஷனில் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு வேறொன்றுக்கு மாறும். தாமதம் குறைந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

பிறகுதான் உள்ளே இருந்த சுழல் தெரிந்தது. வேகமான சர்வருக்கான கட்டு உடனே புறப்பட்டுவிடும், எனவே அது சிறியது. மெதுவான சர்வருக்கான கட்டு காத்துக் கிடக்கும். காத்திருக்கும் நேரத்தில் புதிய நிகழ்வுகள் அதிலேயே ஏறிக்கொண்டிருக்கும். ஆக, எந்த சர்வர் மெதுவோ அதற்கே அதிகத் தரவு! அதனால் அது இன்னும் மெதுவாகும், இன்னும் அதிகம் பெறும். கட்டுகளின் எண்ணிக்கையைச் சமமாக்கியவர்கள் கட்டுகளின் எடையைக் கவனிக்கவில்லை. 1992இல் சாவிகளுக்கும் தரவுக்கும் இடையே கண்ட அதே இடைவெளி, முப்பதாண்டு கழித்து வேறு வேடத்தில் வந்திருந்தது. 2022இல் 3.3 பதிப்பு, குறிப்பிட்ட பைட் அளவு அனுப்பியதும் பார்ட்டிஷனை மாற்றும்படி திருத்தியது. கூடவே, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் காத்திருக்கும் வரிசையின் நீளத்தைப் பார்த்து வேகமானவற்றுக்குக் கூடுதலாக அனுப்பும் வசதியும் வந்தது.

நிலைத்தகவலைச் சுமந்து நகரும் பழைய சிக்கலுக்கு, 2025 மார்ச்சில் வெளியான ஃப்ளிங்க் 2.0 நிலைத்தகவலைக் கணினியிலிருந்து பிரித்துத் தொலைச் சேமிப்பகத்தில் வைக்கும் பாதையைத் திறந்துள்ளது. ஒரே ஒரு கனத்த சாவியின் கதை மட்டும் மாறவில்லை. எண்ணுவது, கூட்டுவது போன்ற வேலைகளில் சாவியோடு ஒரு வால் எண்ணை ஒட்டிப் பல துண்டுகளாக்கி, தனித்தனியே கணக்கிட்டுக் கடைசியில் சேர்க்கலாம். ஆனால் ஒரு வங்கிக் கணக்கின் பற்றுவரவு போல ஒவ்வொரு நிகழ்வும் முந்தையதன் விடையைச் சார்ந்து, வரிசை மாறாமல் நடந்தாக வேண்டிய இடத்தில் அப்படித் துண்டாக்க முடியாது. அங்கே அந்தச் சாவியின் வேகம் இன்றும் ஒரு பணிக்கூறின் வேகம்தான்.